குடோன் சுவரில் என் வீட்டுக்காரி

எங்கள் உப்பளத்துக்குப் போவதற்கு ஒரே ஒரு கரைதான். இரண்டு பக்கமும் பாத்தி, நடுவில் ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்கு மண்ணைக் கொட்டி உயர்த்தியிருக்கும். அந்தக் கரை மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற முனையில் முதலாளியின் குடோன். வேலைக்குப் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், வீட்டுக்கு வந்தாலும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். ரோட்டைப் பார்த்த அதன் பெரிய சுவரில்தான் என் வீட்டுக்காரியின் முகத்தை ஒட்டினார்கள். ஒரு லாரி உயரம் இருக்கும். கறுப்பு வெள்ளையில்.

படம் எடுத்தது புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். டிவிக்காரர்கள் என்றால் ஒரு நாள் வருவார்கள், பெண்களைக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்வார்கள், போய்விடுவார்கள். இந்தப் பெண் சீசன் முழுக்க ஸ்கூட்டியில் வந்தது. எங்களோடு உட்கார்ந்து சோறு தின்றது. காலில் உப்பு அறுத்த இடத்துக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டு, தன் காலுக்கும் எண்ணெய் தடவிக்கொண்டது.

ஒருநாள் அது போனில் சில படங்களைக் காட்டியது. அமெரிக்காவில் பாலைவனம் மாதிரி ஓர் இடம். நவஹோ என்று அந்த மண்ணின் ஆதிகுடி மக்கள் அங்கே இருக்கிறார்களாம். ரோட்டோரம் அவர்கள் பாசிமணி விற்கிற பலகைக் கொட்டகைகள், தண்ணீர்த் தொட்டிகள், பாழடைந்த சுவர்கள். அதில் எல்லாம் அந்த ஊர்க்காரர்களின் முகத்தையே பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ஆடு மேய்க்கிற ஒரு அம்மா ஒரு சுவர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கார்ல போறவங்க நிறுத்திப் பாக்கறாங்கண்ணா. ஊர் ஜனமும் அங்க வந்து கூடறாங்க, இது எங்க அத்தை, அது உங்க மாமான்னு பேசிக்கறாங்க. நம்ம பக்கம் எந்தச் சுவத்தப் பாத்தாலும் கட்சிக்காரங்க மூஞ்சி, சினிமாக்காரங்க மூஞ்சி. உப்பு வார்றவங்க மூஞ்சி ஒண்ணாவது இருக்குதா?"

"எங்க மூஞ்சிய எவன் பாப்பான்," என்றாள் என் வீட்டுக்காரி. "எங்க வூட்டுக் கண்ணாடியே பாக்க மாட்டேங்குது."

அந்தப் பேச்சுக்காகத்தான் அந்தப் பெண் இவளைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். படத்தில் இவள் தலையில் கூடை வைக்கிற சும்மாடு. புருவத்தில் உப்புத் தூள். ஒரு கண் வெயிலுக்குச் சுருங்கியிருக்கும். வாய் எதையோ சொல்ல வந்து நின்ற மாதிரி இருக்கும். அது என்னைத் திட்ட வந்த வாய். கேமராவுக்குப் பின்னால் நான் உப்பு வாருகிற பலகையைத் தூக்கிக்கொண்டு, அவள் முந்தின நாள் துவைத்த வேட்டியோடு சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

முதலாளியும் சரி என்றார். அந்தச் சுவரில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆண்கள் ஒன்றுக்குப் போவார்கள். அவர் சாமி படம் போட்ட டைல்ஸ் பதித்துப் பார்த்தார். சாமிக்கு மரியாதை கொடுத்து இரண்டடி தள்ளிப் போனார்கள். "பொம்பள மூஞ்சி மொறைச்சா எவனும் கிட்ட வர மாட்டான், ஒட்டும்மா," என்றார்.

கலரில் போடக் கூடாதா என்று நான் கேட்டேன். இந்த வெயிலுக்குக் கலர் வெளுத்துவிடும், கறுப்பு மை நிற்கும் என்று அந்தப் பெண் சொன்னது. எனக்கும் அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. உப்பளத்துப் பெண்களே பெரிய அண்டாவில் மைதா பசை காய்ச்சினார்கள். சினிமா போஸ்டர் ஒட்டுகிற மாதிரி பட்டை பட்டையாக ஒட்டி, அவள் கண்ணும் மூக்கும் சேர்ந்தபோது கை தட்டினார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. வெயிலுக்கு முன்னால் வார வேண்டிய பாத்தி இரண்டு பாக்கி இருந்தது.

முடித்துவிட்டுக் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பெண்கள் பஸ் ஸ்டாண்டில் போய் ரோஜாவும் சம்பங்கியும் கட்டின பெரிய மாலை வாங்கி வந்து, மரியாதைக்கு, சுவரில் ஆணி அடித்து அந்த முகத்துக்கு மேல் மாட்டியிருந்தார்கள். சுவரில் கறுப்பு வெள்ளை முகம், அதற்கு மாலை. அதற்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கண்ணீர் அஞ்சலி என்கிற எழுத்து ஒன்றுதான் பாக்கி. படத்துக்குக் கீழே அவள் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வேன்? தாயே, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அம்மனை நினைத்துக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் என் மச்சினன் வந்தான். இவளுடைய தம்பி. செய்யூர்ப் பக்கம் பயிர் வைக்கிறவன். ஏதோ வேலையாகக் கோட்டக்குப்பத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவன், ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்துவிட்டான். எங்களுக்குப் போன் போட்டிருக்கிறான். உப்புத் தண்ணீர் பட்டால் போன் கெட்டுவிடும் என்று நாங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள். மரக்காணத்தில் இறங்கி எங்கள் வீட்டுக்குப் போனால் பூட்டு. அக்கம்பக்கத்திலும் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று சுடுகாட்டுக்கு ஓடியிருக்கிறான். அங்கேயும் ஒன்றும் இல்லை. கடைசியில் என்னைத் தேடிக் கரையில் வந்தான். வெள்ளை வேட்டி, கையில் மாலை, கக்கத்தில் ஜவுளிக்கடைப் பை. அழுதுகொண்டே, வழுக்கி வழுக்கி.

எதிரில் என் வீட்டுக்காரி தலையில் உப்புக் கூடையோடு வந்தாள்.

"டேய், என்னாடா மாலையும் கையுமா? யாரு செத்தது?"

அவன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மாலையை அவள் பக்கம் நீட்டிக் காட்டினான். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கூடையை இறக்கிவிட்டு அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, நீயெல்லாம் ஒரு மனுசனா? எங்க அக்கா செத்த சேதிய நான் பஸ்ல போற வழியில போஸ்டரப் பாத்துத் தெரிஞ்சிக்கணுமா?"

"சாவலையேடா. எதிர்ல நிக்கிறாளே."

"அது இப்பத் தெரியுது. பஸ்ல தெரிஞ்சிதா?"

பெண்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். ஒருத்தி அவன் கக்கத்துப் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "பொறந்த வூட்டுக் கோடியே வந்துடுச்சுக்கா. நீதான் லேட்டு," என்றாள். என் வீட்டுக்காரிக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. பெண் செத்தால் அவள்மேல் போர்த்துவதற்குப் பிறந்த வீட்டிலிருந்து வருகிற புடவை அது. அரக்குக் கலரில் மஞ்சள் கரை. அவசரத்தில் எடுத்திருந்தாலும் நல்ல புடவையாகத்தான் எடுத்திருந்தான்.

அதோடு முடியவில்லை. அவன் தன் பெண்டாட்டிக்குப் போன் பண்ணியிருக்க, அவள் சொந்தத்துக்கெல்லாம் சொல்லியிருக்க, மத்தியானத்துக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெண்கள் தெருமுனையிலேயே தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். இவள் வாசலில் போய் நின்று, "உள்ள வாங்க, கொழம்பு கொதிக்குது," என்றாள். கருவாட்டுக் குழம்பும் சோறும் ஆக்கிப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் சிரித்துப் பேசிக் கிளம்பினார்கள். ஆனால் அவளுடைய பெரியம்மா வழியில் ஒருத்தர், சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற பழக்கத்தில், போய் வருகிறேன் என்று சொல்லாமலே வேனில் ஏறிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"அந்தப் பொடவைய எடுத்துக்கினு போடா," என்றேன் மச்சினனிடம்.

"எப்பிடி மாமா? கோடிய திருப்பி எங்க வூட்டுக்கு எடுத்துப் போனா ஆவுமா? இங்கியே இருக்கட்டும்."

இங்கே இருந்தால் மட்டும் ஆகுமா? பையோடு ஆணியில் மாட்டிவைத்தோம். வீட்டில் படுத்தால் அந்தப் பை எதிரில் தெரியும். வெளியே போனால் அந்தச் சுவர்.

மாலை காய்ந்ததும் நான் அதைக் கழற்றிவிட்டேன். படத்தை என்ன செய்வது? அப்படியே விட்டால் உயிரோடு இருக்கிறவளுக்கு ஒட்டின சாவு போஸ்டர். கிழித்தால் என் வீட்டுக்காரியின் முகத்தை நானே கிழிக்கிற மாதிரி. வெள்ளையடித்தால் அவளை அழிக்கிற மாதிரி. ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் ஐப்பசி மழை இருக்கிறது. மழையில் தானாக உரிந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லியிருந்தது. முதலில் கன்னம், பிறகு ஒரு கண், பிறகு வாய். அதை நான் போகும்போதும் வரும்போதும் பார்க்க வேண்டும். வேறு வழி கிடையாது, இரண்டு பக்கமும் பாத்தி.

வீட்டில் மெல்லப் பேச்சை எடுத்தேன்.

"அதை எடுத்துடச் சொல்லலாம்."

"எத?"

"அந்தப் படத்த."

"ஏன், நல்லா இல்லையா நானு?"

"நல்லாத்தான் இருக்குது. அதான் பயமா இருக்குது."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "கூடை தூக்கித் தூக்கி எனக்கு உச்சந்தலையில முடியே இல்ல. இத்தினி வருசத்துல ரோட்ல போற ஒருத்தராவது திரும்பிப் பாத்தாங்களா? இப்ப வண்டி நிக்குது. ஒரு பொம்பள எறங்கி வந்து, இது நீங்களான்னு கையப் புடிச்சிக்கினா. உனக்கு வேணான்னா எடு. ஆனா அந்தப் பொண்ணக் கூப்புடாத. ஏணியப் போட்டு ஏறி, உன் கையாலியே கிழி."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினேன்.

அம்மன் கோயில் பூசாரியிடம் கேட்டேன். மனிதர் திருநீறு மடித்துக்கொண்டே, "கிழிக்காத. அம்மன் கரகத்தக்கூட உத்தரவு கேட்டுத்தான கலைக்கறோம். முகம்னு ஒண்ணு வந்துட்டா சும்மா கலைக்கக் கூடாது," என்றார். யாரிடம் உத்தரவு கேட்பது என்று கேட்டேன். "யாரோட முகமோ அவங்ககிட்டதான்," என்றார். சுற்றிச் சுற்றி அது என் வீட்டு அடுப்பங்கரைக்கே வந்து நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. சுமங்கலி முகத்தில் பொட்டு இல்லாததுதானே குறை, கறுப்பு வெள்ளையில் அது தெரியவில்லையே என்று, கோயில் குங்குமத்தையும் சந்தனத்தையும் குழைத்து எடுத்துப் போய், குடோன் ஏணியில் ஏறி, நெற்றியில் தட்டு அகலத்துக்குப் பொட்டு வைத்தேன். இறங்கி ரோட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் புத்தியில் பட்டது. வீட்டில் செத்தவர்கள் படத்துக்கு அப்படித்தானே வைப்போம். அதுவரை சந்தேகப்பட்டவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்திருக்கும். அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ சுவர் ஓரத்தில் கற்பூரம் கொளுத்தி வைத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "நல்ல வேல செஞ்ச. இன்னும் ஒரு தேங்காய ஒடச்சி, காக்காய்க்கு சோறும் வெச்சிட்டா முடிஞ்சிது."

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, அந்தச் சுவரடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் பெண்கள் அவரவர் வேலை செய்கிற கரையில், வெயிலில், ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இப்போது சுவர் நிழலில் கூடினார்கள். பக்கத்து உப்பளத்துப் பெண்களும் வந்தார்கள். இவள் முகத்துக்குக் கீழே இவளே உட்கார்ந்து ஊறுகாய் பங்கு வைப்பாள். அங்கே பேசி வைத்துத்தான் எல்லாரும் சேர்ந்து போய் முதலாளியிடம் குடிக்கிற தண்ணீருக்கு ஒரு டேங்க் கேட்டார்கள். முன்னால் நின்றது இவள். அவரும் வைத்துக் கொடுத்தார். டேங்க் தண்ணீரை நானும் குடித்தேன். குடிக்கும்போதுகூட நிமிர்ந்து பார்க்காமல்தான் குடித்தேன்.

சீசன் முடிகிற சமயம். உப்புக் குவியலுக்கெல்லாம் கீற்று போட்டு மூடிக்கொண்டிருந்தோம். வடகிழக்கில் மேகம் கட்டியது. அந்தப் பெண் ஸ்கூட்டியில் வந்தது. இவள் கூப்பிடக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தாள். தானாக வந்தவரிடம் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். கோடிப் புடவையைச் சொல்லும்போது அது வாயைப் பொத்திக்கொண்டது.

"அந்த நவஹோ ஊர்ல, செத்தவங்களுக்கு செவுத்துல போஸ்டர் ஒட்டற பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணா. நான் கேட்டுக்கல. நம்ம ஊர்ல உண்டுன்னு எனக்குத் தெரியும். ஒட்டறப்ப அது தோணவே இல்ல, மன்னிச்சிடுங்க." ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போட்டது. "என்னா செய்யணும்னு சொல்லுங்க. செஞ்சிடறேன்."

அதுதான் எனக்குத் தெரியவில்லையே. நாங்கள் பேசுவதைப் பார்த்து என் வீட்டுக்காரி கீற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். விஷயம் என்னவென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சாவு போஸ்டர்ல எத்தினி மூஞ்சி பெருசா இருக்கும்?"

"ஒண்ணு."

"அப்ப நீயும் வந்து பக்கத்துல நில்லு. ஒண்ணா ரெண்டு பேரு செத்ததா எவனும் நெனைக்க மாட்டான். அப்பிடியே நெனைச்சாலும் ஒண்ணாத்தான போறோம், எதுக்கு பயப்புடற?"

என்னைப் படம் எடுத்தது ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும்தான். சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். அப்படியே நில் என்றாள். அந்தப் பெண் கேமராவைத் தூக்கியதும் நான் அம்மனை நினைத்துக் கண்ணை மூடிவிட்டேன்.

"செத்தவன் மாதிரி கண்ண மூடிக்கினு நிக்காத," என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. திறந்துவிட்டேன். அந்தத் திறந்த கண்தான் இப்போது சுவரில் இருக்கிறது. நெற்றியில் திருநீறு மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

புருஷன் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்று அதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பக்கத்தில் மழைத் தண்ணீர் இறங்குகிற குழாய் ஓடுகிறது. பரவாயில்லை என்றேன். அதனால் என் முகத்தில் காதை ஒட்டி ஒரு குழாய் மேலிருந்து கீழே போகும். ஒட்டுகிற அன்றைக்கு இவள் அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பையைக் காணோமே என்று பார்த்தவன், ரோட்டில் அவளைப் பார்த்து நின்றுவிட்டேன். "நல்ல பொடவைய ஆணில தொங்கவுடுவாங்களா?" என்றாள். பசை வாளியை என் கையில் கொடுத்துவிட்டு, நான் வைத்த பொட்டை ஈரத் துணியால் அவளே துடைத்தாள். போகவில்லை. நெற்றியில் ரோஸ் கலரில் ஒரு திட்டு நின்றுவிட்டது.

எங்களைப் பார்த்துவிட்டு மற்ற பெண்களும் கேட்டார்கள். கோடியே வந்துவிட்டது என்று சிரித்தவள்தான் முதலில். அவள் மாமியாரோடு நின்றாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் நிற்கிறார்கள். மச்சினனும் கேள்விப்பட்டு வந்து, "ஊருக்கு மொதல்ல அழுதவன் நானு, எனக்கு எடம் கெடையாதா?" என்று சண்டை போட்டான். அவனைக் கீழ் வரிசையில் போட்டார்கள். சுவரில் இடம் முடிந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் யாரும் இப்போது கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை.

என் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மழை பிடித்துவிட்டது. பாத்தியெல்லாம் மூழ்கி ஒரே ஏரியாகக் கிடக்கிறது. வேலை இல்லை. ஆனாலும் மழை விடுகிற நேரத்தில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு குடோன் வரை போகிறேன். எது முதலில் உரிகிறது என்று பார்ப்பதற்குத்தான். தாயே, முதலில் என்னுடையது போகட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவளும் வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் கண்ணை மூடி நின்று என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். பூவோடும் பொட்டோடும் முன்னால் போக வேண்டும் என்றுதான் நம் பெண்கள் கேட்பார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் இப்படிக் கேட்டால் அம்மன்தான் என்ன செய்வாள்?

இன்றைக்குப் போனபோது என் வீட்டுக்காரியின் காது மடல் பிரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இதற்காகத்தான் வீட்டிலிருந்து கொஞ்சம் மைதாவைக் காய்ச்சி பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போகிறேன். ஏணியை எடுத்து வந்து, ஏறி, மடலைத் தூக்கிப் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே திரும்பி என் முகத்தைப் பார்த்தேன். நேற்று என் மீசையின் ஒரு முனை உரிந்து மடங்கித் தொங்கியதை நான் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இப்போது அது ஒட்டியிருந்தது. ஓரத்தில் பசை இன்னும் காயவில்லை. விரலால் வழித்துத் தடவின தடம் வெள்ளையாகத் தெரிந்தது.

வீட்டில் மைதா ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று இதுவரை அவள் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.